சேர்ந்திசை: குரல் வகைகளும் பாடல் வடிவங்களும்

மேலைத்தேய சங்கீதம் – க.பொ.த. (சாதாரண தரம்)

1. அறிமுகம்

மாணவர்களே,

ஒவ்வொரு நாளும் காலைக் கூட்டத்தில் நீங்கள் பாடசாலைக் கீதத்தைப் பாடுகின்றீர்கள். ஐந்நூறு பேர் பாடினாலும் அங்கு ஒலிப்பது ஒரே மெட்டுத்தான். குரல் உடைந்த மாணவர்கள் அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே பாடுவர். மாணவிகள் செக்கனுக்கு 440 அதிர்வுகள் கொண்ட ‘ஏ’ சுரத்தைப் பாடும்போது, அவர்கள் 220 அதிர்வுகள் கொண்ட ‘ஏ’ சுரத்தைப் பாடுவர். சுரத்தின் பெயர் ஒன்றே; உயரம் மட்டுமே வேறு. இவ்வாறு எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவது ‘யூனிசன்’ எனப்படும்.

இப்பொழுது ஒரு நத்தார் கரோல் நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். முன்வரிசையில் நிற்போர் உங்களுக்குத் தெரிந்த மெட்டைப் பாடுகின்றனர். அவர்களுக்குப் பக்கத்தில் நிற்போர் அதே சொற்களை வேறு சுரங்களிற் பாடுகின்றனர். பின்வரிசை ஆண்கள் இன்னும் தாழ்ந்த வேறொரு மெட்டைப் பாடுகின்றனர். ஒவ்வொருவரும் வெவ்வேறு சுரத்தைப் பாடினாலும் கேட்பவருக்கு அது ஒன்றாகவே கேட்கின்றது. இதுவே இப்பாடத்தில் நாம் கற்கவிருக்கும் சேர்ந்திசை.

“சேர்ந்திசை என்றால் என்ன?” என்ற வினாவுக்கு “பலர் சேர்ந்து பாடுவது” என்று எழுதிவிட்டு நிறுத்துவது பலரின் வழக்கம். அது அரை விடையே. முழு விடை பின்வருமாறு அமைய வேண்டும்:

சேர்ந்திசை என்பது பாடகர்கள் பல குரற்பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியையும் ஒருவருக்கு மேற்பட்டோர் பாட, அப்பகுதிகள் ஒன்றிணைந்து ஒலிக்கும் இசையாகும். சில சேர்ந்திசைகள் முழுவதும் யூனிசனாகவும் அமைவதுண்டு.

“ஒரு பகுதியை ஒருவருக்கு மேற்பட்டோர்” என்ற சொற்களைக் கவனிக்க. நான்கு பேர் நான்கு பகுதிகளைப் பாடினால் அது குவார்ட்டெட். நாற்பது பேர் அதே நான்கு பகுதிகளைப் பாடினால் அது சேர்ந்திசைக் குழு.

2. குரல் வகைகள்

கலப்புச் சேர்ந்திசைக் குழுவில் நான்கு அடிப்படைக் குரல்கள் உள்ளன. ஒவ்வொன்றினதும் வழக்கமான வீச்சு கீழே தரப்பட்டுள்ளது. நடு ‘சீ’ என்பது பியானோவின் நடுப்பகுதியிலுள்ள ‘சீ’ சுரமாகும்.

சொப்பிரானோ: பெண்களின் உயர்ந்த குரல். நடு ‘சீ’யிலிருந்து அதற்கு மேலுள்ள இரண்டாவது ‘ஏ’ வரை.

அல்டோ: பெண்களின் தாழ்ந்த குரல். நடு ‘சீ’க்குக் கீழுள்ள ‘ஜீ’யிலிருந்து மேலுள்ள இரண்டாவது ‘டீ’ வரை.

டெனர்: ஆண்களின் உயர்ந்த குரல். நடு ‘சீ’க்கு ஒரு ஸ்தாயி கீழுள்ள ‘சீ’யிலிருந்து நடு ‘சீ’க்கு மேலுள்ள ‘ஜீ’ வரை.

பேஸ்: ஆண்களின் தாழ்ந்த குரல். நடு ‘சீ’க்குக் கீழுள்ள இரண்டாவது ‘ஈ’யிலிருந்து நடு ‘சீ’ வரை.

இவை தவிர, சொப்பிரானோவுக்கும் அல்டோவுக்கும் இடைப்பட்ட பெண் குரல் மெஸோ சொப்பிரானோ எனவும், டெனருக்கும் பேஸுக்கும் இடைப்பட்ட ஆண் குரல் பரிடோன் எனவும் அழைக்கப்படும். குரல் உடையாத சிறுவனின் உயர்ந்த குரல் ட்ரெபிள் எனப்படும். அல்டோ பகுதியைப் பொய்க்குரலிற் பாடும் ஆண் பாடகர் கவுன்டர்டெனர் ஆவார்.

எழுதும் முறை: நான்கு குரல்களையும் இரண்டு ஸ்டாவ்களில் எழுதும்போது மேல் ஸ்டாவில் சொப்பிரானோவும் அல்டோவும், கீழ் ஸ்டாவில் டெனரும் பேஸும் இடம்பெறும். சொப்பிரானோ, டெனர் ஆகியவற்றின் தண்டுகள் மேல்நோக்கியும், அல்டோ, பேஸ் ஆகியவற்றின் தண்டுகள் கீழ்நோக்கியும் வரையப்படும். ஒவ்வொரு குரலுக்கும் தனி ஸ்டாவ் தரப்படும்போது டெனர் பகுதி ட்ரெபிள் கிளெவில் எழுதப்பட்டு, கிளெவின் அடியில் சிறிய 8 இடப்படும். எழுதியதற்கு ஒரு ஸ்தாயி கீழே பாட வேண்டும் என்பதே அதன் பொருள்.

குழுக்களின் வகைகள்:
(அ) கலப்புக் குழு – சொப்பிரானோ, அல்டோ, டெனர், பேஸ்
(ஆ) பெண்கள் குழு – பெரும்பாலும் இரண்டு சொப்பிரானோப் பகுதிகளும் ஓர் அல்டோப் பகுதியும்
(இ) ஆண்கள் குழு – பெரும்பாலும் இரண்டு டெனர்ப் பகுதிகளும் இரண்டு பேஸ் பகுதிகளும்
(ஈ) சிறுவர் குழு – உடையாத குரல்கள்

3. அல்டோ ஏன் தேவை?

பாடசாலைக் குழுவில் அல்டோப் பகுதிக்கு அனுப்பப்படும் மாணவி சில வேளை மனம் வருந்துவாள். மெட்டு சொப்பிரானோவிடம் இருக்கின்றது. பேஸின் ஒலி கம்பீரமாக இருக்கின்றது. தன்னுடைய பகுதியோ ஒரே சுரத்திலேயே நிற்கின்றது என்று அவள் எண்ணுவாள். பின்வரும் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

பேஸ் – சீ
டெனர் – ஜீ
அல்டோ – ஈ
சொப்பிரானோ – சீ

நால்வரும் சேர்ந்து பாடும்போது சீ மேஜர் கோட் ஒலிக்கும். அதன் ஒலி தெளிவாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கும். இப்போது மற்ற மூவரும் தத்தம் சுரத்திலேயே நிற்க, அல்டோ மட்டும் ஓர் அரைச்சுரம் இறங்கி ‘ஈ பிளாட்’ பாடட்டும். அந்தக் கணமே கோட் சீ மைனராக மாறிவிடும். பாடலின் முகமே வாடிவிடும். அல்டோ பாடாமல் விட்டாலோ எஞ்சுவது சீயும் ஜீயும் மாத்திரமே. அது மேஜரா மைனரா என்று எவராலும் கூற முடியாது.

இங்கு மேஜரா மைனரா என்பதைத் தீர்மானிப்பது மெட்டைப் பாடுபவர் அல்லர்; அல்டோவே. வேறு கோட்களில் இப்பொறுப்பு டெனருக்கோ பேஸுக்கோ சொப்பிரானோவுக்கோ வரக்கூடும். ஆகவே சேர்ந்திசையில் முக்கியமற்ற பகுதி என ஒன்று இல்லை.

செயற்பாடு 1: பியானோ, ஓர்கன் அல்லது கீபோட்டில் மேலுள்ள நான்கு சுரங்களையும் ஒன்றாக வாசிக்குக. பின்னர் ‘ஈ’ சுரத்தை மட்டும் ‘ஈ பிளாட்’ ஆக்குக. இறுதியாக அச்சுரத்தை முற்றாக நீக்கி வாசிக்குக. மூன்று ஒலிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை உங்கள் குறிப்பேட்டில் எழுதுக.

4. குரல்கள் இணையும் முறைகள்

சேர்ந்திசையில் குரல்கள் இணையும் முறைகளை நான்காக வகுத்து நோக்கலாம்.

(அ) மொனோபொனி: ஒரே ஒரு மெட்டு, வேறு சுரங்கள் இல்லை. மத்திய காலத்துத் துறவிகள் இலத்தீன் மொழியில், வாத்தியத் துணையின்றிப் பாடிய கிரெகோரியன் சான்ட் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

(ஆ) பொலிபொனி: பல மெட்டுக்கள் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றும் தன் வழியே செல்வது. ஒரு குரல் தொடங்கிய மெட்டை அடுத்த குரல் சற்றுப் பிந்தித் தொடங்குவது இதிற் பொதுவாகக் காணப்படும். நீங்கள் சிறு வகுப்பில் இரண்டு அணிகளாகப் பிரிந்து, ஓரணி முதலடியைப் பாடி முடிக்கும்போது மற்ற அணி தொடங்கிப் பாடிய ‘ரவுண்ட்’ பாடல்களும் பொலிபொனியே.

(இ) ஹோமோபொனி: எல்லாக் குரல்களும் ஒரே தாள நடையில், ஒரே அசையை ஒரே நேரத்திற் பாடுதல். மேற்குரலில் மெட்டு இருக்கும். ஏனைய குரல்கள் கோட்களை அமைத்துத் தாங்கும். தேவாலயக் கீதங்கள் பெரும்பாலும் இவ்வகையின.

(ஈ) அன்டிபொனி: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்கள் எதிரெதிரே நின்று மாறி மாறிப் பாடுதல். வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு தேவாலயத்தில் இம்முறை செழித்தது. அங்கு பணியாற்றிய ஜியோவன்னி கப்ரியேலி (மறைவு 1612) இம்முறையிற் புகழ்பெற்ற இசையமைப்பாளராவார்.

நினைவிற் கொள்க: ஒரே பாடலில் இந்நான்கு முறைகளும் மாறி மாறி வரலாம். எனவே “இப்பாடல் பொலிபொனி” என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், எந்த இடத்தில் எந்த முறை வருகின்றது என்று குறிப்பிடுவதே நல்ல விடையாகும்.

5. பாடல் வடிவங்களை அடையாளங் காண நான்கு வினாக்கள்

மாஸ், மோட்டெட், அன்தெம், கன்டாட்டா, ஒரட்டோரியோ எனப் பல பெயர்களைப் பட்டியலாக மனனம் செய்யும் மாணவர் பரீட்சை மண்டபத்தில் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடுவதுண்டு. பெயர்களை மனனம் செய்வதற்குப் பதிலாக, ஒவ்வொரு படைப்பையும் பார்த்து நான்கு வினாக்களைக் கேளுங்கள்.

1. சொற்கள் எந்த மொழியில், எங்கிருந்து எடுக்கப்பட்டவை?
2. எங்கே, எதற்காகப் பாடப்படுகின்றது?
3. குழு மட்டும் பாடுகின்றதா, தனிப்பாடகர்களும் உளரா?
4. வாத்தியங்கள் உண்டா?

இதன் பயனை இங்கிலாந்தின் வில்லியம் பேர்ட் (மறைவு 1623) என்பவரின் வாழ்க்கை நன்கு விளக்கும். அவர் முதலாம் எலிசபெத் அரசியின் அரச ஆலயத்தில் இசைஞராகப் பணியாற்றினார். அங்கு நடைபெற்றது ஆங்கில மொழி வழிபாடு. ஆனால் பேர்ட் கத்தோலிக்கர். அக்காலத்தில் இங்கிலாந்திற் கத்தோலிக்கத் திருப்பலி சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்தது. கத்தோலிக்கர் தனி வீடுகளிற் கூடி மறைவாகவே திருப்பலியில் ஈடுபட்டனர். அத்தகைய சிறு கூட்டங்களிற் பாடக்கூடிய வகையில் பேர்ட் மூன்று, நான்கு, ஐந்து குரல்களுக்கென மூன்று மாஸ்களை இயற்றினார். அவை 1590களில் முகப்புப் பக்கமோ அச்சகத்தின் பெயரோ இன்றி அச்சாகின.

அரச ஆலயத்துக்கென அவர் இயற்றிய ஆங்கிலப் பாடல்கள் அன்தெம்கள்; மறைவாகக் கூடியோருக்கென இயற்றிய இலத்தீன் படைப்புகள் மாஸ்கள். எழுதியவர் ஒருவரே. மொழியும் இடமும் நோக்கமும் மாறியதால் வடிவத்தின் பெயரும் மாறியது. இதனை விளங்கிக்கொண்டால் அன்தெமையும் மாஸையும் நீங்கள் ஒருபோதும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

6. சமயச் சேர்ந்திசை வடிவங்கள்

மாஸ்: கத்தோலிக்கத் திருப்பலியின் மாறாத பகுதிகளுக்கு அமைக்கப்படும் இசை. அப்பகுதிகள் ஐந்து: கீரியே, குளோரியா, கிரேடோ, சாங்டுஸ், அக்னுஸ் தேயி. கீரியேயின் சொற்கள் கிரேக்க மொழியில் அமைந்தவை, ஏனையவை இலத்தீன். இத்தாலியரான பலஸ்திரீனா (மறைவு 1594) வாத்தியத் துணையற்ற பொலிபொனி மாஸ்களுக்குப் பெயர்பெற்றவர்.

மோட்டெட்: மறுமலர்ச்சிக் காலத்தில், பெரும்பாலும் இலத்தீன் சமயப் பாடத்துக்கு அமைந்த, மாஸின் ஐந்து பகுதிகளிற் சேராத பொலிபொனிப் பாடல். இங்கிலாந்தின் தோமஸ் டல்லிஸ் (மறைவு 1585) 40 தனித்தனிக் குரற்பகுதிகள் கொண்ட ஒரு மோட்டெட்டை இயற்றினார். அதில் ஐந்து குரல்கள் கொண்ட எட்டுக் குழுக்கள் பாடுகின்றன.

அன்தெம்: அங்கிலிக்கன் வழிபாட்டிற்கென ஆங்கிலத்தில் அமைந்த சேர்ந்திசை. குழு மட்டுமே பாடுவது ‘ஃபுல் அன்தெம்’. தனிப்பாடகரும் குழுவும் மாறி மாறிப் பாடுவது ‘வேர்ஸ் அன்தெம்’.

கோரால்: ஜேர்மனியில் மார்ட்டின் லூதரின் (மறைவு 1546) சமயச் சீர்திருத்தத்துடன் வளர்ந்த கீதம். பாடகர் மட்டுமன்றி வழிபட வந்த சபை முழுவதும் தாய்மொழியிற் பாட வேண்டும் என்பதே இதன் நோக்கம். எனவே மெட்டுக்கள் எளிமையானவை. பிற்காலத்தில் இவை நான்கு குரல்களுக்கு ஹோமோபொனியாக அமைக்கப்பட்டன.

சேர்ச் கன்டாட்டா: தனிப்பாடகர், குழு, வாத்தியங்கள் ஆகியவற்றுக்கென அமைந்த, பல பகுதிகள் கொண்ட படைப்பு. ஜொஹான் செபஸ்தியான் பாக் (1685–1750) 1723இல் லைப்சிக் நகரில் பணியேற்ற பின்னர் ஞாயிறு வழிபாடுகளுக்கெனத் தொடர்ச்சியாகக் கன்டாட்டாக்களை இயற்றினார். அவருடைய சமயக் கன்டாட்டாக்களுள் ஏறத்தாழ 200 இன்று கிடைக்கின்றன. பல கன்டாட்டாக்கள் ஒரு கோராலுடன் முடிவடையும்.

பேஷன்: இயேசுவின் திருப்பாடுகளை விவிலியத்தின்படி எடுத்துரைப்பது, பெரிய வெள்ளியுடன் தொடர்புடையது. பாக்கின் புனித மத்தேயு பேஷன் 1727இல் இயற்றப்பட்டது. அவரது மறைவின் பின் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த இப்படைப்பை 1829இல் பெர்லினில் மீண்டும் அரங்கேற்றியவர் பீலிக்ஸ் மென்டெல்சன். அப்போது அவருக்கு வயது 20.

ரெக்குவியம்: இறந்தோருக்கான திருப்பலி இசை. மொஸார்ட் 1791இல் மறைந்தபோது அவருடைய ரெக்குவியம் முற்றுப்பெறவில்லை. அவருடைய மாணவர் ஸூஸ்மாயர் அதனை நிறைவு செய்தார். வேர்டியின் ரெக்குவியம் 1874இல் மிலான் நகரில் முதன்முறை பாடப்பட்டது. பிராம்ஸ் தமது ஜேர்மன் ரெக்குவியத்தில் இலத்தீன் பாடத்தை விடுத்து, லூதரின் ஜேர்மன் விவிலியத்திலிருந்து தாமே சொற்களைத் தெரிந்தெடுத்தார். இறந்தோருக்காக வேண்டுவதிலும் பார்க்க, உயிரோடிருந்து துயருறுவோருக்கு ஆறுதல் கூறுவதையே அவர் முதன்மையாகக் கொண்டார். பெஞ்சமின் பிரிட்டனின் போர் ரெக்குவியம் 1962இல் பாடப்பட்டது. இரண்டாம் உலகப் போரிற் குண்டுவீச்சால் அழிந்த கொவென்ட்ரி பேராலயத்துக்குப் பதிலாக எழுப்பப்பட்ட புதிய பேராலயத் திறப்பினையொட்டி அது இடம்பெற்றது. இலத்தீன் பாடத்துடன், முதலாம் உலகப் போரில் உயிரிழந்த கவிஞர் வில்பிரெட் ஓவெனின் ஆங்கிலக் கவிதைகளும் இதிற் சேர்க்கப்பட்டுள்ளன.

7. சமயச்சார்பற்ற சேர்ந்திசை வடிவங்கள்

மட்ரிகல்: 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வளர்ந்து, அந்நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலும் பரவிய பாடல் வகை. காதல், இயற்கை போன்றன பொருளாகும். நண்பர்கள் வீட்டில் மேசையைச் சுற்றியமர்ந்து, பகுதிக்கு ஒருவராகப் பாடியது இது. இன்று சேர்ந்திசைக் குழுக்களும் பாடுகின்றன. சொல்லின் பொருளை இசையாற் காட்டுவது இதன் சிறப்பியல்பு: மலையேறுதல் பற்றிய சொல்லில் சுரங்கள் ஏறும், பெருமூச்சு என்ற சொல்லில் சிறிய நிறுத்தம் வரும்.

பார்ட் சோங்: 19ஆம் நூற்றாண்டிற் பொதுமக்களின் பாடற் சங்கங்கள் பெருகியபோது வளர்ந்த வகை. பெரும்பாலும் ஹோமோபொனி, பெரும்பாலும் வாத்தியத் துணையின்றிப் பாடப்படும்.

ஒப்பெராச் சேர்ந்திசை: ஒப்பெரா நாடகத்தில் மக்கள் கூட்டமாக, படை வீரராக, அடிமைகளாக நடித்துக்கொண்டே குழு பாடுவது. வேர்டியின் நபுக்கோ (1842) ஒப்பெராவில் வரும் எபிரேய அடிமைகளின் சேர்ந்திசை மிகவும் புகழ்பெற்றது.

சிம்பொனியிற் சேர்ந்திசை: பீத்தோவன் தமது ஒன்பதாவது சிம்பொனியின் இறுதி அசைவில் தனிப்பாடகர் நால்வரையும் சேர்ந்திசைக் குழுவையும் சேர்த்தார். 1824 மே 7ஆம் திகதி வியன்னாவில் இது முதன்முறை இசைக்கப்பட்டது.

இனிக் கூறப்படும் ஸ்பிரிச்சுவல் பொருளளவிற் சமயப் பாடலே. ஆயினும் அது வழிபாட்டு இடத்துக்கென இயற்றப்படாமல் மக்களிடையே பிறந்து கச்சேரி மேடைக்கு வந்தமையால் இங்கு இடம்பெறுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் அடிமைகளாக வாழ்ந்த ஆபிரிக்க வம்சாவளியினர் இப்பாடல்களை வாய்மொழியாகப் பாடி வந்தனர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் பதிலிறுத்துப் பாடும் முறை இவற்றிற் பெரிதும் காணப்படும். விடுதலை பெற்றோரின் கல்விக்காக 1866இல் நாஷ்வில் நகரில் ஆரம்பிக்கப்பட்ட பிஸ்க் கல்லூரி சில ஆண்டுகளிலேயே பணமின்றித் தத்தளித்தது. 1871இல் அதன் மாணவர் ஒன்பது பேர் பாடிப் பணம் திரட்டப் புறப்பட்டனர். அவர்களுட் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பிஸ்க் ஜூபிலி பாடகர்கள் எனப் பெயர்பெற்ற இவர்கள் 1873இல் பிரித்தானியாவிலும் பாடினர். அவர்கள் ஈட்டிய பணத்தால் கல்லூரி காப்பாற்றப்பட்டது. ஜூபிலி மண்டபம் என்ற கட்டடமும் எழுந்தது.

8. தமிழிற் சேர்ந்திசை

கர்நாடக சங்கீதம் ஒரே மெட்டை நுணுக்கமாக விரிப்பது; பலர் சேர்ந்து பாடினாலும் பொதுவாக யூனிசனாகவே பாடுவர். பல குரற்பகுதிகளைக் கொண்ட சேர்ந்திசையைத் தமிழ்ப் பாடல்களுக்குப் பொருத்தி வளர்த்தவர்களுள் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் (மறைவு 1988) முக்கியமானவர். 1970களில் அவர் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவொன்றை வழிநடத்திப் பாரதியார் பாடல்களை இவ்வாறு பாடச் செய்தார். மேலைத்தேய முறை வேறு, தமிழ் வேறு என்று எண்ணி ஒதுங்கத் தேவையில்லை என்பதை இது காட்டுகின்றது.

9. ஒரு படைப்பினை ஆராய்வோம்: ஹென்டலின் மெஸாயா

ஒரட்டோரியோ என்பது பெரும்பாலும் சமயக் கதையொன்றைத் தனிப்பாடகர், குழு, ஓர்கெஸ்ட்ரா ஆகியவற்றால் எடுத்துரைக்கும் பெரிய படைப்பாகும். ஒப்பெராவைப் போன்று இதிலும் தனிப்பாடல்களும் பேச்சு நடைப் பாடல்களும் உண்டு. ஆனால் நடிப்பு, வேடம், காட்சியமைப்பு என்பன இல்லை. குழுவுக்கு இங்கு முதன்மையான இடம் உண்டு.

ஜேர்மனியிற் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஜோர்ஜ் பிரெடெரிக் ஹென்டல் (1685–1759) மெஸாயாவை 1741 ஓகஸ்ட் 22ஆம் திகதி தொடங்கி செப்டெம்பர் 14ஆம் திகதி முடித்தார். அதாவது 24 நாட்கள். சார்ள்ஸ் ஜெனன்ஸ் என்பவர் ஆங்கில விவிலியத்திலிருந்து சொற்களைத் தொகுத்துக் கொடுத்தார். படைப்பு மூன்று பாகங்களைக் கொண்டது. ஏனைய பல ஒரட்டோரியோக்களிற் போன்று தனிப்பாடகர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகப் பாடுவதில்லை என்பது இதன் தனித்தன்மை.

முதலாவது நிகழ்ச்சி 1742 ஏப்ரல் 13ஆம் திகதி அயர்லாந்தின் டப்ளின் நகரில், தேவாலயத்தில் அன்றி ஓர் இசை மண்டபத்தில் நடைபெற்றது. நகரத்தின் இரு பேராலயங்களின் பாடகர்கள் குழுவிற் பாடினர். மண்டபத்திற் கூடுதலான மக்கள் இடங்கொள்ளும் பொருட்டு, பெண்கள் வளையம் வைத்த அகன்ற பாவாடைகளைத் தவிர்க்குமாறும், ஆண்கள் வாளின்றி வருமாறும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளப்பட்டனர். இதற்குக் காரணம் உண்டு. அன்றைய வருமானம் இரண்டு மருத்துவமனைகளுக்கும், கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது சிறையில் வாடியோரின் விடுதலைக்கும் உரியதாக இருந்தது. ஒரு பாவாடையின் அகலத்தில் இன்னொருவர் அமரலாம். அவருடைய அனுமதிச் சீட்டுப் பணமும் சேரும். அந்நிகழ்ச்சியின் பயனாகக் கடன் சிறையிலிருந்து 142 பேர் விடுதலை பெற்றனர் எனக் கூறப்படுகின்றது.

ஹல்லேலூயா சேர்ந்திசை

இது இரண்டாம் பாகத்தின் இறுதியில் வருகின்றது. சுருதி டீ மேஜர். ட்ரம்பெட்டும் டிம்பனியும் சேர்வதால் ஒலி வெற்றி முழக்கமாக அமைகின்றது. இதனைக் கேட்கும்போது பின்வருவனவற்றை வரிசையாகக் கவனிக்க:

(1) ஓர்கெஸ்ட்ராவின் சிறு முன்னிசையின் பின் நான்கு குரல்களும் ஒன்றாக ஹோமோபொனியில் தொடங்குகின்றன.
(2) சற்று நேரத்தில் குழு முழுவதும் ஒரே மெட்டை யூனிசனாகப் பாடுகின்றது.
(3) பின்னர் ஒரு குரல் அம்மெட்டைப் பாட, ஏனையவை ஹல்லேலூயா என்று குறுக்கிடுகின்றன.
(4) அமைதியான ஹோமோபொனிப் பகுதியொன்று வருகின்றது. அதன்பின் புதிய மெட்டொன்றை முதலில் பேஸும், அடுத்து டெனரும், அல்டோவும், சொப்பிரானோவும் வரிசையாகத் தொடங்குகின்றன. இது பொலிபொனி.
(5) மேற்குரல் நீண்ட சுரங்களில் நின்று படிப்படியாக உயர, கீழ்க்குரல்கள் பதிலளிக்கின்றன.
(6) முடிவுக்குச் சற்று முன்னர் எல்லோரும் திடீரென நிறுத்துகின்றனர். அந்த மௌனத்தின் பின் மெதுவாக வரும் பிளேகல் கேடன்ஸுடன் பாடல் நிறைவுறுகின்றது.

அந்த மௌனத்தில் ஒருவர் தவறி முந்திப் பாடினால் மண்டபம் முழுவதற்கும் அது கேட்கும். ஆகவே குழுவில் நிற்பவர் தன் பகுதியை அறிந்தால் மட்டும் போதாது. நடத்துநரைப் பார்க்கவும் அயலவரைக் கேட்கவும் வேண்டும். நீங்கள் குழுவிற் பாடுபவராயின், பக்கத்தில் நிற்பவரின் குரல் உங்கள் காதில் விழாவிடின் நீங்கள் அளவுக்கு மீறி உரத்துப் பாடுகின்றீர்கள் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

10. விடையெழுதும்போது கவனிக்க வேண்டியவை

• ‘அ கப்பெல்லா’ என்பது வாத்தியத் துணையின்றிப் பாடும் முறை. அது ஒரு பாடல் வடிவம் அன்று.
• கோரால் என்பது கீதம். கொயர் என்பது பாடும் குழு. கோரஸ் என்பது குழு பாடும் பகுதியையும் குழுவையும் குறிக்கும். இம்மூன்றையும் மாற்றி எழுத வேண்டாம்.
• சமயப் பொருள் கொண்ட படைப்பெல்லாம் வழிபாட்டுக்கு உரியதன்று. மெஸாயா முதலில் இசை மண்டபத்திலேயே பாடப்பட்டது.
• பாக், ஹென்டல் இருவரும் 1685இல் ஜேர்மனியிற் பிறந்தவர்கள். இருவரும் பரோக் காலத்தவர்.

11. மாதிரி வினாவும் விடையும்

வினா: ஒரட்டோரியோ, ஒப்பெரா ஆகியவற்றுக்கு இடையிலான ஒற்றுமைகள் இரண்டும் வேறுபாடுகள் மூன்றும் தருக.

விடை:
ஒற்றுமைகள்: (1) இரண்டிலும் தனிப்பாடகர், குழு, ஓர்கெஸ்ட்ரா ஆகிய மூன்றும் உண்டு. (2) இரண்டும் தனிப்பாடல், பேச்சு நடைப் பாடல், சேர்ந்திசை ஆகிய பகுதிகளைக் கொண்ட பெரிய படைப்புகள்.
வேறுபாடுகள்: (1) ஒப்பெரா வேடம், நடிப்பு, காட்சியமைப்பு என்பவற்றுடன் அரங்கேற்றப்படும், ஒரட்டோரியோவில் அவை இல்லை. (2) ஒரட்டோரியோவின் பொருள் பெரும்பாலும் சமயம் சார்ந்தது. ஒப்பெராவின் பொருள் பெரும்பாலும் உலகியல் சார்ந்தது. (3) ஒரட்டோரியோவில் சேர்ந்திசைக் குழுவின் பங்கு பெரிது. ஒப்பெராவில் தனிப்பாடகரின் பங்கே முதன்மையானது.

“பெரும்பாலும்” என்ற சொல் இங்கு ஏன் இடம்பெற்றுள்ளது என்று சிந்திக்க. நபுக்கோவை மீண்டும் நினைத்துப் பாருங்கள்: அது விவிலியப் பின்னணி கொண்ட கதை; ஆயினும் ஒப்பெராவே.

12. பயிற்சி வினாக்கள்

1. கலப்புச் சேர்ந்திசைக் குழுவின் நான்கு குரல்களையும் உயர்ந்ததிலிருந்து தாழ்ந்தது வரை ஒழுங்குபடுத்துக.
2. டெனர்ப் பகுதியின் ட்ரெபிள் கிளெவின் அடியில் 8 இடப்படுவது ஏன்?
3. மாஸின் ஐந்து பகுதிகளையும் பெயரிடுக.
4. வில்லியம் பேர்ட்டின் மாஸ்களும் அன்தெம்களும் எவ்வகையில் வேறுபடுகின்றன? மொழி, இடம், நோக்கம் என்ற தலைப்புகளின் கீழ் விளக்குக.
5. ஹல்லேலூயா சேர்ந்திசையில் ஹோமோபொனி, யூனிசன், பொலிபொனி ஆகிய மூன்றும் வரும் இடங்களைக் குறிப்பிடுக.
6. உங்கள் பாடசாலைக் குழு பாடும் ஏதேனும் ஒரு பாடலைத் தெரிவுசெய்து, ஐந்தாம் பகுதியிலுள்ள நான்கு வினாக்களுக்கும் விடை எழுதுக.

ஆறாவது வினாவுக்கான விடை இந்நூலில் இல்லை. பாடலை நன்கு கேட்டு நீங்களே அதனை எழுதுதல் வேண்டும். அதனைச் சரியாக எழுத முடியுமாயின், பரீட்சையில் முன்பின் அறியாத படைப்பொன்று தரப்பட்டாலும் நீங்கள் தயங்க வேண்டியதில்லை.